கடலைத் தோல் ஊறிய தண்ணீர்

சனிக்கிழமை, காலை 7.20. திருநெல்வேலி ரயில் நாற்பது நிமிடத் தாமதத்துடன் எழும்பூரில் வந்து நின்றபோது என்னிடம் இருந்த சாமான்கள்: இரண்டு காலிச் சாக்கு, ஒரு தோல்பை, அந்தப் பைக்குள் துண்டில் சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி. ஊர்ப் பெயரைக் காப்பாற்ற அரைக்கிலோ அல்வாவும் வைத்திருந்தேன். ஆனால் என் கவனமெல்லாம் சாக்கின் மேல்தான். அதில் கடலைத் தோலை நிரப்பிக்கொண்டு அன்று மாலை வண்டியிலேயே திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம்.

கோவில்பட்டியை ஒரு மணி நேரத் தொலைவில் வைத்துக்கொண்டு, கடலைத் தோல் பொறுக்க அறுநூற்று ஐம்பது கிலோமீட்டர் போகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று முந்தின நாள் என் மனைவி சொல்லியிருந்தாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே விளக்கிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, நாற்பத்து மூன்று வயதிலும் அதைச் சுமந்துகொண்டிருந்தேன். என் பொருள், உணவுத் தொழிலில் மிஞ்சும் கொட்டைகளின் ஓடும் தோலும். நிலக்கடலையை வாயில் போடும்போது அந்தச் செந்நிற மெல்லிய தோல் நாக்கில் லேசாகத் துவர்க்கும் அல்லவா, அந்தத் துவர்ப்பில்தான் சங்கதி இருக்கிறது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டு, சிக்கு வாடை அடிக்காமல் காக்கிற சேர்மங்கள் அதில் நிறைய. வெளி ஓட்டிலும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நாமோ ஓட்டை அடுப்பில் போடுகிறோம், தோலை மாட்டுக்குப் போடுகிறோம், பிறகு எண்ணெய் கெடாமல் இருக்கக் கடையில் மருந்து வாங்குகிறோம்.

கோவில்பட்டித் தோலை நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அங்கே கடலையைச் சுடுமணலில் முறுக வறுப்பார்கள். மிட்டாய்க்கு அதுதான் ருசி. எனக்கோ கருகல் வாடையும் மணலும்தான் மிஞ்சின. இளஞ்சூட்டில் காயவைத்து இயந்திரத்தில் தோல் நீக்கும் இடம் ஒன்று வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் அப்படி ஒரு சிறு கம்பெனி, பிஸ்கட் செய்கிறவர்களுக்கு வெள்ளைக் கடலை அனுப்புவதாக என் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். முதலாளிக்குக் கடிதம் போட்டேன். வாருங்கள், தோல் தயாராக இருக்கும் என்று தொலைபேசியில் சொன்னார்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியில் இல்லாத ஓர் அளவீட்டுக் கருவி பக்கத்து நிறுவனமொன்றில் இருந்தது. மூன்று மாதம் காத்திருந்து எனக்குக் கிடைத்த நேரம் திங்கட்கிழமை காலை பத்து மணி. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை இன்னும் மூன்று மாதம். அதற்குள் என் பதிவு காலாவதியாகிவிடும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது இல்லை என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்து வருட உழைப்பு ஒரு சாக்குத் தோலை நம்பி நின்றது.

காலை 8.30. பாரிமுனையில் நான்கு இட்லியும் ஒரு வடையும், பதினான்கு ரூபாய். சாம்பார் கேட்டபோதெல்லாம் ஊற்றினார்கள். தண்ணீர் மட்டும் கேட்டால்தான் வந்தது, அதுவும் முக்கால் டம்ளர். அது 2003ஆம் வருடக் கோடை. சென்னையின் ஏரிகள் வறண்டு, குழாய்கள் காற்றை ஊதிக்கொண்டிருந்த மே மாதம். செய்தித்தாளில் படித்திருந்தேன். படிப்பது வேறு, முக்கால் டம்ளரைப் பார்ப்பது வேறு.

எண்ணூர் பேருந்தில் காலடிப்பேட்டைக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ராயபுரம் தாண்டும்வரை ஜன்னலோரத்தில் கட்டடங்கள்தான். காசிமேடு வந்ததும் மீன் வாடை ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பிறகு சட்டென்று வலப்புறம் கடல். கடலுக்கும் சாலைக்கும் நடுவே கருங்கல் பாறைகள், சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள். அந்த வரிசை இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. லாரிக்கு அடியில் துணியில் தூளி கட்டி டிரைவர்கள் தூங்கினார்கள். கடற்காற்று அவர்களைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

காலை 9.50. கம்பெனி என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. முதலாளி தணிகாசலம் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டையில் கடலைத் தூள் படிந்திருக்க வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அல்வாவைக் கொடுத்தேன். ஆறு பெண்கள் வேலை செய்கிற இடம், ஆளுக்கு ஒரு விள்ளல் என்று அங்கேயே பிரித்தாயிற்று. அந்த ஆறு பேருக்கும் மேஸ்திரி போல இருந்தவர் கோமளா. முப்பத்தைந்து வயதிருக்கும், முகத்துவாரக்குப்பத்துக்காரர், கணவர் கடலுக்குப் போகிறவர். அவர்தான் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், தார்ப்பாயில் உலர்த்தியிருந்த தோலைக் காட்டினார். காட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தோல் பளிச்சென்று இருந்தது. ஒரு தூசு இல்லை, ஒரு மண் இல்லை. ஆனால் நிறமும் இல்லை. செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது பழைய செய்தித்தாள் போல வெளுத்திருந்தது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். துவர்ப்பே இல்லை. தோல்பையிலிருந்து குப்பியை எடுத்தேன். அதில் இருந்தது பெர்ரிக் குளோரைடுக் கரைசல், இரும்பு உப்பு. நான் தேடுகிற பொருள் இருந்தால் ஒரு சொட்டிலேயே கருத்துவிடும். ஒரு பிடித் தோலைக் கசக்கிச் சொட்டுவிட்டேன். மஞ்சளாகவே கிடந்தது. இரண்டாவது சொட்டு. அப்போதும் அப்படியே.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார் கோமளா. "நீங்கதான கடுதாசில எழுதிகினீங்க, மண்ணு தூசி இல்லாம சுத்தமா வோணும்னு. வெந்நீர்ல ஒரு ராவு ஊறப்போட்டு, அப்பால ரெண்டு தண்ணி உட்டு அலசினோம். போர் தண்ணி இல்ல சார், லாரி தண்ணி. காலேஜுக்குப் போற சாமானாச்சே."

நான் தேடி வந்த சேர்மங்கள் தண்ணீரில் கரையக்கூடியவை. வெந்நீரில் இன்னும் வேகமாகக் கரையும். சோதனைச்சாலையில் நான் மணிக்கணக்கில் செய்ய நினைத்திருந்த வேலையை இந்தப் பெண்கள் எனக்காக, குடிக்கிற தண்ணீரில், முடித்துவிட்டிருந்தார்கள். யாரைத் திட்டுவது? சுத்தமாக வேண்டும் என்று எழுதியவன் நான். கழுவாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றாதவனும் நானே. வேதியியலில் முதல் வகுப்பில் தேறிய மடையன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தணிகாசலம் பதறிப்போய் நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

வேறு தோல் இல்லையா என்று கேட்டேன். மீதி எல்லாம் வியாழக்கிழமையே மாட்டுத் தீவன வியாபாரியிடம் போய்விட்டது, அடுத்த கடலை லோடு வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். ஓடு வேண்டுமானால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆறுதலாக. ஓட்டில் இருப்பது எனக்குப் போதாது என்பதை அவருக்கு விளக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

முகம் கழுவலாமென்று பின்கட்டு மூலைக்குப் போனேன். அங்கே சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் வாங்கிய பழைய பீப்பாய் ஒன்று, முக்கால்வாசி நிறைந்து, மூடியோடு நின்றது. மூடியைத் தூக்கினேன். உள்ளே எழுதுகிற மை போலக் கன்னங்கரேலென்று தண்ணீர்.

கோமளா ஓடிவந்து தடுத்தார். அதைத் தொடாதீர்கள், கெட்டுப்போய்விட்டது என்றார். தோல் அலசிய தண்ணீர்தான் அது. நேற்றுக் காலை ஊற்றும்போது சிவப்பாக இருந்தது, சாயங்காலம் பார்த்தால் கறுப்பாகிவிட்டது, என்னவோ ஏதோ என்று பயந்து யாரும் கிட்டே போகவில்லையாம். பயந்தாலும் கீழே ஊற்றவில்லை. கழிவறைக்காவது ஆகும் என்று வைத்திருந்தார்கள்.

நான் அந்தப் பீப்பாயைக் கட்டிப்பிடிக்காத குறைதான். என் குப்பியில் இருக்கிற இரும்பு செய்வதைத்தான் பீப்பாயின் துருவும் செய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எனக்கு உதவாது. துரு கலந்தது கலந்ததுதான். ஆனால் பொருள் தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இது பின்னால் அலசிய தண்ணீர் என்றால், இரவு முழுக்க ஊறிய முதல் தண்ணீர் எங்கே? கோமளாவிடம் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். மற்றப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு கொடம் சார். பிளாஸ்டிக் கொடம். நான்தான் வூட்டுக்கு எத்துகினு போய்ட்டேன். லாரி வந்து மூணு நாளாச்சு. கலர்தான் செவப்பு, பாத்திரம் கழுவ ஆவுமேன்னு."

பிளாஸ்டிக் குடம் என்ற சொல் அத்தனை இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தணிகாசலம் நல்ல மனிதர், நிலைமையைப் புரிந்துகொண்டார். கோமளாவுக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்து என்னோடு அனுப்பினார்.

பகல் 11.40. முகத்துவாரக்குப்பம் அங்கிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் எண்ணூர்வரை ஆளுக்கு ஏழு ரூபாய். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், டிரைவருக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவர். என் மடியில் காலிச் சாக்கு. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள் வாத்தியாரே என்று கேட்டார். நான் வாத்தியார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். அந்தப் பக்கத்தில் எல்லாரும் வாத்தியாரே என்று கோமளா பிறகு சொன்னார். தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று டிரைவருக்குப் பதில் சொன்னேன். சாக்கிலா என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

வழியெல்லாம் தொழிற்சாலை மதில்கள். ஒரு மதிலுக்குப் பக்கத்தில் உர வாடை, அடுத்ததில் ரப்பர் வாடை, நடுவே கடல் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். மனமோ குடத்திலேயே இருந்தது. இந்நேரம் பாத்திரம் கழுவியிருப்பார்களோ என்று இரண்டு முறை கேட்டேன். வீட்டுக்காரர் இருப்பார், அவர் பாத்திரம் கழுவ மாட்டார், பயப்படாதீர்கள் என்றார் கோமளா.

பகல் 12.30. எண்ணூரில் இறங்கி இருபது நிமிட நடை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முகத்துவாரத்துக்குள் நுழைந்து அகன்று கிடக்கும் கழிமுகம், அதற்கு அப்பால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மணலில் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. குப்பத்துத் தெருவில் ஒரு காட்சி என்னை நிறுத்தியது. தெருக் கோடியிலிருந்து கோடிவரை ஒற்றை வரிசையில் குடங்கள். பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் குடங்கள் மட்டும் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தன.

கோமளாவின் கணவர் ஏழுமலை வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். முதல் கேள்வியே குடத்தைப் பற்றித்தான். அவர் பாத்திரம் கழுவவில்லை. ஆனால் மீன் கூடைகளைக் கழுவியிருந்தார். ஒரு குடம் காலி. இன்னொன்று உள்ளே மூலையில் தட்டுப் போட்டு மூடி இருந்தது. தட்டை எடுத்தால், கழுத்துவரை, கருங்காலிக் கட்டை ஊறியதுபோல் செக்கச்சிவந்த தண்ணீர். முகர்ந்து பார்த்தேன், புளிக்கவில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்று கேட்டு வாங்கி, கொஞ்சம் ஊற்றி, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து கறுப்பு கிளம்பி, சுழன்று, டம்ளர் முழுக்கப் பரவியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு டம்ளர் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து அழுதவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை அளவீட்டுக்கு ஒரு லிட்டர் போதும். ஆனால் பிறகு ஒரு வருடம் செய்ய வேண்டிய சோதனைகளுக்கெல்லாம் அதை வற்றவைத்துப் பொடியாக்கியாக வேண்டும். முழுக் குடமும் வேண்டும். சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று பொய் சொன்னேன். முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட எங்கள் பக்கத்து வளர்ப்பு இடம் கொடுப்பதில்லை, பசி எவ்வளவு கிள்ளினாலும் சரி. குடத்துக்கு என்ன தரட்டும் என்று மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் விஷயத்தின் கனம் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் அதைத் தவிர இருந்தது குடிப்பதற்கு அரைக் குடம். ஏழுமலை வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐம்பது ரூபாயை நீட்டினேன். அது முட்டாள்தனம் என்று நீட்டும்போதே தெரிந்தது. எண்ணூர்வரை போய் கேன் தண்ணீர் விசாரித்து வந்தேன். மூன்று கடையிலும் காலி. கூடவே, சிவப்புத் தண்ணீரை எடுத்துப்போக, ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள், புதியவை, மூன்று வாங்கிக்கொண்டேன், ஒன்று இருபத்தெட்டு ரூபாய். அவற்றை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றபோது நான் ஒரு திருடனைப் போல உணர்ந்தேன்.

பிற்பகல் 3.10. லாரியின் ஹாரன் கேட்டது. தெரு ஒரு நொடியில் பெண்களால் நிறைந்தது. அத்தனை பேரும் ஓடி வந்தாலும் ஒரு குடம்கூட இடம் மாறவில்லை. வரிசையைப் பார்த்துக்கொள்வது முனியம்மா என்ற பெண்மணி. வாயில் வெற்றிலை, கையில் ஒரு தென்னை ஈர்க்கு, அந்த ஈர்க்கால் தொட்டால் அந்தக் குடத்துக்குத் தண்ணீர். வீட்டுக்கு மூன்று குடம், அதற்கு மேல் இல்லை. மந்திரி வீடானாலும் மூன்றுதான் என்றார் ஏழுமலை.

கோமளா தன் மூன்று குடத்தோடு, நான் எடுத்துக்கொள்ளப்போகும் தண்ணீருக்கு ஈடாக நான்காவது குடம் ஒன்றையும் வரிசையில் தள்ளி வைத்தார். அதோடு என்னையும் கையால் சுட்டிக் காட்டினார். முனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதைப் பிறகு தெரிந்துகொண்டேன். விருந்தாளி வந்த வீட்டுக்கு ஒரு குடம் கூடுதல். ஆனால் யார் விருந்தாளி என்பதில் அவர்கள் படுகறார். இல்லாவிட்டால் தண்ணீர் லாரி வரும் நாளில் எல்லார் வீட்டிலும் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்களாம்.

"யாரு இவுரு?" என்றார் முனியம்மா.

"எங்க வூட்டுக்கு வந்துகிறாரு. திருநெல்வேலி."

"வூட்ல கை நனைச்சாரா?"

கோமளா என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். என் ஐந்து வருட ஆராய்ச்சி அந்த நிமிடம் நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதில் வந்து நின்றது. மதியம் சொன்ன பொய்யை நினைத்து என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இல்லை," என்றேன். "மரியாதைக்குச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நல்ல பசி."

வரிசை முழுக்கச் சிரித்தது. முனியம்மா சிரிக்கவில்லை. ஈர்க்கை எடுத்து நான்காவது குடத்தை வரிசையின் கடைசிக்கு நகர்த்தச் சொன்னார். "லாரி அரை அவுர் நிக்கும். அதுக்குள்ள துன்னுட்டு வரச்சொல்லு," என்றார்.

தின்பதில் அத்தனை அவசரம் எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. சோறும் கவளை மீன் குழம்பும். குழம்பு முந்தின நாள் வைத்தது, மாங்காய் போட்டது, என்ன ருசி என்று சொல்லி முடியாது. சாட்சிக்கு முனியம்மா அனுப்பிய இரண்டு பெண்கள் வாசற்படியில் நின்று பார்த்தார்கள். முள் எடுக்கத் தெரியாமல் நான் திணறியதைத் தெருவுக்கே உரத்து அறிவித்துக்கொண்டும் இருந்தார்கள். இரண்டாவது முறை நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். கை கழுவுவதற்குக் கோமளா ஊற்றிய தண்ணீர் ஒரு சிரங்கைகூட இராது. அதுவும் கீழே வைத்த தட்டில் விழுந்து, அங்கிருந்து வாசல் முருங்கைக்குப் போனது.

வெளியே வந்தபோது ஈர்க்கு நான்காவது குடத்தைத் தொட்டது. நிறைந்த குடத்தை நான்தான் தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை, தோளில் ஏற்றினேன், சட்டை நனைந்தது. சிந்தாதே, சிந்தாதே என்று இருபது குரல்கள் கூடவே வந்தன. வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியதும் கோமளா ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டாம், உங்களுக்கு ஆகட்டும் என்றேன்.

"விருந்தாளி கொடம் சார் இது. நீ குடிச்சாத்தான் எங்களுக்கு ஆவும்."

குடித்தேன். லாரித் தண்ணீருக்கே உரிய மருந்து வாடை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் சொல்கிறேன், அவ்வளவு நல்ல தண்ணீரை நான் குடித்ததில்லை.

மாலை 4.30. சிவப்புத் தண்ணீரை மூன்று கேன்களில் நிரப்பினோம். இந்த வெயிலில் ஊர் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடுமே என்று கவலைப்பட்டேன். அதற்கு ஏழுமலையிடம் விடை இருந்தது. மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்து, கேன்களை உள்ளே அடுக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸைக் கொட்டி, மூடிக்கு மேல் நாலு சுற்று நாடா ஒட்டிக் கொடுத்தார். நாளைக்குச் சாயங்காலம்வரை தாங்கும், வஞ்சிரமே தாங்குகிறது, உங்கள் கடலைத் தண்ணி தாங்காதா என்றார். ஐஸுக்குக் காசு வாங்கவில்லை. எழும்பூர்வரை கூடவே வந்து பெட்டியை வண்டியில் ஏற்றியும் கொடுத்தார். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எண்ணெய் சிக்கு அடிக்காமல் இருக்கும் என்றால் கருவாடும் சிக்கு அடிக்காமல் இருக்குமா? எனக்குத் தோன்றாத கேள்வி அது. பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலை 7.45. வண்டி கிளம்பியது. பெட்டியின் வாடை பத்து நிமிடத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. எதிரில் உட்கார்ந்திருந்த விருத்தாசலத்துக்காரர் என்ன மீன் என்று ஆவலாகக் கேட்டார். மீன் இல்லை, தண்ணீர் என்றேன். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குத் தண்ணீரா என்று கேட்டுவிட்டு, பரிசோதகர் வந்ததும் அவரிடமும் என்னைக் காட்டிக்கொடுத்தார். பரிசோதகர் மூடியைத் தட்டிப் பார்த்து, வாசலோரம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். யாருமே நம்பவில்லை. நான் திருப்தியாகத் தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை ஊரில் இறங்கி, பெட்டியோடு எங்கள் தெருவில் நுழைந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் குழாய் திறந்து கிடந்தது. அண்டா நிறைந்து, வழிந்து, தெருவெல்லாம் ஓடி, ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாள் எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டிலும் இதேதான் நடக்கும், நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அதே தோலை எங்கள் ஊர்ப் பெண்கள் எனக்காகக் கழுவியிருந்தால், முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் எல்லாம் அன்றைக்கே ஓடையில் போயிருக்கும். வெளுத்த தோலோடு நான் நின்றிருப்பேன். குழாயை மூடிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற சந்தேகம் இருந்தது.

வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்த தண்ணீரைத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கருவியில் வைத்தோம். கிடைத்த அளவைப் பார்த்து என் வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லாரும் விலை உயர்ந்த, விஷமுள்ள கரைப்பான்களில் பிரித்தெடுப்பதை வெறும் வெந்நீரிலேயே இவ்வளவு எடுத்திருக்கிறாயே, எப்படித் தோன்றியது என்று கேட்டார். எனக்குத் தோன்றவில்லை ஐயா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீன் குழம்புப் பகுதியை இரண்டு முறை கேட்டார்.

ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் சில கட்டங்களை நிரப்ப வேண்டும். கரைப்பான் என்ற கட்டத்தில் தண்ணீர் என்று எழுதினேன். அது யாரிடமிருந்து பெறப்பட்டது என்று அடுத்த கட்டம். அங்கே எல்லாரும் ரசாயனக் கம்பெனியின் பெயரை எழுதுவார்கள். நான் 'கோமளா வீடு, முகத்துவாரக்குப்பம்' என்று எழுதினேன். இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று பேராசிரியர் சிவப்பு மையால் அடித்தார். அவர் போனபின், அடித்ததற்குக் கீழேயே, இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில், மறுபடியும் அதையே எழுதிவைத்தேன்.